உயர்மலை நடைப்பயணத் தேர்வு

உயர்மலை நடைப்பயணம் என்பது பல நாட்கள் நடந்து, இரவுகளையும் மலையிலேயே கழிக்கும் பயணமாகும். இதைத் தேர்ந்தெடுப்போர் பலரும் சென்றடையும் உயரத்தையும் செலவையும் ஒப்பிடுகின்றனர். முதலில் பார்க்க வேண்டியது, ஒவ்வோர் இரவும் தங்கும் இடத்தின் உயரமாகும்.

உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. 5,500 மீட்டர் உயரத்தில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான். மூச்சில் கிடைக்கும் ஆக்சிசனும் அவ்வாறே குறைகிறது. இதற்கு உடல் பழகச் சில நாட்கள் ஆகும். ஆகவே 3,000 மீட்டருக்கு மேல், தங்குமிடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓய்வுநாளும் வேண்டும் என்பது மருத்துவப் பரிந்துரை.

நேபாளத்தின் எவரெஸ்ட் அடிவார முகாம் (5,364 மீ) பயணத்தை எடுத்துக்கொள்வோம். லுக்லாவிலிருந்து நடப்போர் நாம்சே பசாரிலும் (3,440 மீ) டிங்போச்சேயிலும் (சுமார் 4,400 மீ) இரண்டிரண்டு இரவுகள் தங்குவது வழக்கம். இந்த ஓய்வுநாட்களை நீக்கிய திட்டம் மலிவானாலும் ஏற்றதன்று.

உடல்வலிமை மிக்கவரையும் மலைநோய் தாக்கும். தலைவலியுடன் குமட்டல் தோன்றினால் மேலே ஏறக்கூடாது. ஓய்விலும் மூச்சுத்திணறல், தள்ளாட்டம், மனக்குழப்பம் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் உடனே கீழே இறங்க வேண்டும். தாமதம் உயிரைப் பறிக்கும். திரும்பி இறங்கவும் நாள் ஒதுக்கிய திட்டமே நல்ல திட்டம்.