ஈஸ்ட்டுக்குள் பதினாறு பட்டங்கள்

மக்களே, பனையேறும் மாமன் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவது இனிக்கும் அக்கானி. அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு தடவாமல் விட்டால் அதே சாறு நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடும்.

மரம் ஒன்றுதான், பாளையும் ஒன்றுதான். அப்படியானால் புளிக்க வைத்தது யார்? இப்படிக் கேட்கிற பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர். பாளையிலும் கலயத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும். சாற்றிலுள்ள சர்க்கரையைத் தின்றுவிட்டு, கரியமில வாயுவையும் ஆல்கஹாலையும் வெளியே விடும். சுண்ணாம்பின் காரம் அதை வளர விடாது. அவ்வளவுதான் ரகசியம்.

ஆப்ப மாவைப் பொங்க வைப்பதும் இந்த ஈஸ்ட்தான். சில வீடுகளில் மாவில் கொஞ்சம் கள் விடுவார்கள். மற்ற வீடுகளில் கடையில் வாங்கிய ஈஸ்ட்டைப் போடுவார்கள். காலையில் மாவுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்ததும் காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேளுங்கள். குமிழிகள் ஒவ்வொன்றாக உடையும் மெல்லிய சத்தம் கேட்கும்.

ஈஸ்ட் எவ்வளவு பெரியது தெரியுமா? ஏறக்குறைய 200 ஈஸ்ட்டுகளை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். அத்தனை சின்ன உடம்புக்குள் 16 குரோமோசோம்கள் இருக்கின்றன. குரோமோசோம் என்பது டிஎன்ஏ என்னும் நீண்ட இழை. ஈஸ்ட் எப்படி வளர வேண்டும், எதைத் தின்ன வேண்டும் என்ற செய்தியெல்லாம் அந்த இழைகளில்தான் இருக்கிறது. ஒவ்வொரு செய்தியும் ஒரு மரபணு. ஈஸ்ட்டிடம் சுமார் 6,000 மரபணுக்கள் உண்டு. அதன் டிஎன்ஏ முழுவதையும் விஞ்ஞானிகள் 1996-லேயே படித்து முடித்துவிட்டார்கள்.

இனி கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஒவ்வொரு குரோமோசோமையும் ஒரு பட்டம் என்று வைத்துக்கொள்வோம். பட்டத்தில் நூல் கட்டும் முடிச்சு இருக்குமே, அதுபோல ஒவ்வொரு குரோமோசோமிலும் ஒரு முடிச்சு உண்டு. அதன் பெயர் சென்ட்ரோமியர். ஒரு ஈஸ்ட் இரண்டாகும்போது, முதலில் ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒரு நகல் உண்டாகும். பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் நூல்கள் வந்து முடிச்சைப் பிடித்து இழுக்கும். ஒரு பட்டம் இந்தப் பக்கம் போகும், அதன் நகல் அந்தப் பக்கம் போகும். முடிச்சே இல்லாத பட்டம் என்ன ஆகும்? பிடித்து இழுக்க இடமில்லாமல் எங்காவது தொலைந்துபோகும்.

இரண்டு பட்டங்களை ஓரத்தோடு ஓரம் ஒட்டிவிட்டால்? இதை நீங்களே செய்து பார்க்கலாம். இரண்டு காகிதப் பட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நூலைக் கட்டுங்கள். பட்டைகளை நீளவாக்கில் பசை போட்டு ஒட்டுங்கள். ஒரு நூலை நீங்களும் மற்றதை உங்கள் தங்கையும் பிடித்து எதிரெதிராக இழுங்கள். கிழிந்துவிட்டதா? ஈஸ்ட்டுக்குள்ளும் இந்த ஆபத்து உண்டு. அதனால் இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்டால், ஒரு முடிச்சு போயே ஆக வேண்டும்.

இதுவரை புரிந்ததா, மக்களே? புரியாவிட்டால் பட்டையை இன்னொரு தடவை ஒட்டிப் பாருங்கள். அவசரமே இல்லை.

2018-இல் சீனாவின் ஷாங்காய் நகரில் சின் சோங்ஜுன் என்ற விஞ்ஞானியின் குழு ஒரு துணிச்சலான வேலை செய்தது. ஈஸ்ட்டின் 16 குரோமோசோம்களையும் ஒன்றோடொன்று இணைத்து, 15 முடிச்சுகளை நீக்கி, ஒரே ஒரு நீண்ட குரோமோசோமாக ஆக்கிவிட்டது. அதே சமயம் நியூயார்க்கில் ஜெஃப் புக்கேயின் குழு இரண்டே குரோமோசோம்கள் உள்ள ஈஸ்ட்டை உண்டாக்கியது. ஈஸ்ட் செத்துப்போயிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. அது ஏறக்குறைய பழையபடியே தின்று வளர்ந்தது. மரபணுக்களில் அநேகமாக எல்லாமே பத்திரமாக இருந்தன, இருந்த இடம்தான் மாறியது.

ஆனால் ஒரு விஷயத்தில் பெரிய மாற்றம் தெரிந்தது. ஈஸ்ட் சாதாரணமாக மொட்டு விட்டுப் பெருகும். சில வேளைகளில் இரண்டு ஈஸ்ட்டுகள் ஒன்று சேரும். பிறகு சாப்பாடு கிடைக்காத நேரம் வந்தால், சேர்ந்த அந்த ஈஸ்ட் ஸ்போர் என்னும் உறை மூடிய குட்டி ஈஸ்ட்டுகளை உண்டாக்கும். 16 குரோமோசோம் உள்ள ஈஸ்ட்டை 12 உள்ளதோடு நியூயார்க் குழு சேர்த்துப் பார்த்தது. நூறு ஸ்போரில் பத்துகூடப் பிழைக்கவில்லை. 8 உள்ளதோடு சேர்த்தபோது ஸ்போர் உண்டாவதே அபூர்வமாகிவிட்டது. உண்டானவற்றிலும் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அம்மா பக்கத்துக் குரோமோசோமும் அப்பா பக்கத்துக் குரோமோசோமும் ஜோடி சேர்ந்து சரியாகப் பிரிய வேண்டும். ஒன்று நீளமாகவும் மற்றது இரண்டு துண்டாகவும் இருந்தால் பங்கு பிரிப்பதில் குழப்பம் வரும்.

யோசித்துப் பாருங்கள். இரண்டு வகை ஈஸ்ட்டுமே தனித்தனியாக நன்றாக வாழ்கின்றன. ஆனால் ஒன்றோடொன்று சேர்ந்து சந்ததி உண்டாக்க முடியவில்லை. இனி அவை தனித்தனி வழியில்தான் மாற முடியும். புதிய இனம் பிறக்க இப்படி ஒரு வாசல் திறக்கலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆனால் இயற்கையில் ஈஸ்ட் இனங்கள் பிரிந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. காலம் போகப்போக, டிஎன்ஏ-வில் செய்தி எழுதப்பட்டிருக்கும் எழுத்துகளில் சேரும் சின்னச்சின்ன வேறுபாடுகளும் உறவினர்களைப் பிரித்துவிடும்.

குரோமோசோம் மாறினால் ஈஸ்ட்டுக்கு லாபமும் கிடைக்கும். ஒயின் செய்பவர்கள் வேண்டாத கிருமிகளைத் தடுக்க சல்பைட் என்ற பொருளைச் சேர்ப்பார்கள். அது ஈஸ்ட்டுக்கும் நஞ்சு. ஒயின் ஈஸ்ட்டுகள் சிலவற்றில் 8-ஆம் குரோமோசோமும் 16-ஆம் குரோமோசோமும் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொண்டன. சல்பைட்டை வெளியே தள்ளும் ஒரு மரபணுவுக்கு அதனால் புதிய பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அவர் அந்த மரபணுவை முன்பைவிட அதிகமாக வேலை வாங்கினார். அப்படிப்பட்ட ஈஸ்ட் சல்பைட்டைத் தாங்கிக்கொண்டு பெருகியது.

நம் நாட்டிலும் இப்படிப்பட்ட குரோமோசோம் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பெங்களூரு ஜக்கூரில் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே கௌஸ்துவ் சன்யாலின் குழு ஆராய்ந்தது மலசீசியா என்னும் வேறு வகை ஈஸ்ட்டுகளை. அவை எங்கே வாழ்கின்றன தெரியுமா? நம் தோலில், நம் தலையில்! பொடுகு வருவதற்கும் இவற்றுக்கும் தொடர்பு உண்டு. தங்களுக்கு வேண்டிய கொழுப்பைத் தாங்களே செய்துகொள்ள இவற்றால் முடியாது. அதனால் நம் தோலில் சுரக்கும் எண்ணெயை நம்பி வாழ்கின்றன.

இந்தக் குடும்பத்தில் சிலவற்றுக்கு 9 குரோமோசோம்கள். சிலவற்றுக்கு 8, சிலவற்றுக்கு 7, இன்னும் சிலவற்றுக்கு 6. ஏன் இப்படி? சன்யாலின் குழு அமெரிக்க விஞ்ஞானிகளோடு சேர்ந்து ஒவ்வொரு முடிச்சுக்கும் பக்கத்தில் எந்தெந்த மரபணுக்கள் நிற்கின்றன என்று இனத்துக்கு இனம் ஒப்பிட்டது. 9 உள்ள இனத்தில் ஒரு முடிச்சின் இரு பக்கமும் நிற்கும் மரபணுக்கள் 8 உள்ள இனத்தில் வெவ்வேறு குரோமோசோம்களில் கிடந்தன. நடுவிலிருந்த முடிச்சைக் காணோம். மூதாதைக்கு 9 இருந்திருக்க வேண்டும், பின்னால் ஒரு குரோமோசோம் முடிச்சிலேயே முறிந்து, துண்டுகள் மற்றவற்றோடு ஒட்டிக்கொண்டன என்று 2020-இல் அவர்கள் எழுதினார்கள். இன்னொரு வழியையும் கண்டார்கள்: இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்டபின், ஒரு முடிச்சு மெல்லத் தன் வேலையை மறந்துவிடுகிறது. காகிதப் பட்டையில் நீங்கள் பார்த்த அதே கதைதான்.

மலசீசியாவின் முடிச்சுகளில் ஏ, டி என்ற இரண்டு டிஎன்ஏ எழுத்துகள் நிறைய இருக்கின்றன. அதனால்தான் குரோமோசோம் அந்த இடத்தில் எளிதாக முறிகிறது என்று அவர்கள் கருதுகிறார்கள். குரோமோசோமைக் காப்பாற்றும் முடிச்சே அதன் பலவீனமான இடமாகவும் இருக்கிறது பாருங்கள்! அடுத்த தடவை தலை அரிக்கும்போது, அங்கே இருப்பது எத்தனை குரோமோசோம் உள்ள மலசீசியா என்று உங்கள் அறிவியல் டீச்சரிடம் கேளுங்கள்.