பேஸ் போட்ட காரும் கோண்டாவில் கடவையும்

கார் சவுண்ட் பற்றி எழுதச் சொன்னார்கள். பெடியள் வாசிப்பார்கள், படமும் வடிவாக வரும் என்பது ஆசிரியர் பீடத்தின் கணக்கு. மூன்று நாள் யாழ்ப்பாணம், சுன்னாகம், நெல்லியடி என்று செட் பூட்டுகிற இடங்களில் பிளாஸ்ரிக் கதிரையில் குந்தியிருந்து பார்த்தேன். தேடிப் போனது பாட்டை. எழுத இருந்தால் ரெயில் குறுக்கே வருகிறது. அதற்கு வருகிறேன்.

எங்கள் வீதிகளில் ஓடுகிற அக்குவா, விட்ஸ், வாகன்ஆர் எல்லாம் பெரும்பாலும் யப்பானிலிருந்து வந்து இறங்கியவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனைக்குக் கார் திரும்ப வரத் தொடங்கியது 2025இல்தான். இடையில் ஐந்து வருஷம். லீசிங் கட்டி முடித்தவனுக்கும் காரை மாற்ற வழியில்லை. காருக்கு உள்ளே மாற்றினான். முதலில் சீற் கவர், பிறகு ரயர், பிறகு செட். 2022இல் பெற்றோல் வரிசையில் இரவு பகலாகக் கிடந்தபோது காருக்குள்ளேயே பாட்டுக் கேட்டு, முறை வருகிற நேரம் பற்றரி இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர்களையும் கண்டிருக்கிறேன். தங்கள் காரின் ஸ்பீக்கர் எவ்வளவு மட்டம் என்று பலருக்கு வெளித்தது அந்த வரிசையில்தான் என்று நினைக்கிறேன்.

யப்பான் செட்டுக்கு இரண்டு வியாதி. ஒன்று மொழி. பற்றரியை ஒருமுறை கழற்றினால் சில செட்கள் பூட்டிக்கொள்ளும். திரை முழுக்க யப்பான் எழுத்து. காரோடு வந்திருக்க வேண்டிய மெமரி காட்டைத் தா என்று கேட்டுக்கொண்டு நிற்கும்; அந்தக் காட் வழியிலேயே எங்கோ தொலைந்திருக்கும். மற்றது றேடியோ. அங்கே எப்.எம். 76இல் தொடங்கி 90இல் முடிந்தது, பிறகு 95 வரை நீட்டினார்கள். இங்கே நிலையங்கள் 108 வரை போகின்றன. இதைச் சமாளிக்க அன்ரெனா வயரின் நடுவில் எக்ஸ்பாண்டர் என்று ஒரு சின்னப் பெட்டி போடுவார்கள். 20ஐக் கழிக்கிற பெட்டி என்றால் 102இல் உள்ள நிலையம் 82இல் வரும். கூடவே இரைச்சலும் வரும். இரண்டு வியாதிக்கும் ஒரே மருந்தாக இப்போது எல்லோரும் போடுவது சீன அன்ட்ரொயிட் செட். 9 அங்குலத் திரை, ரிவேர்ஸ் கமரா, யூரியூப்.

"பாட்டுக் கேக்க எண்டு வாறவை குறைவு அண்ணை. திரை பெருசோ எண்டுதான் முதல் கேள்வி" என்றார் சுன்னாகத்தில் ஒரு தம்பி. இருபத்தைந்து வயது இருக்கும். கையில் ரெஸ்ரர், காதில் பென்சில்.

செட்டின் பெட்டியில் 4 x 50 வாற்ஸ் என்று பெரிதாக அச்சடித்திருக்கும். கணக்குத் தெரிந்தவர் நம்பமாட்டார். எஞ்சின் ஓடும்போது காரில் கிடைப்பது ஏறக்குறைய 14.4 வோல்ற். ஸ்பீக்கர் 4 ஓம். செட்டுக்குள் இருக்கிற சின்னச் சில்லு இந்த வோல்ற்றை வைத்துக்கொண்டு சுத்தமாகத் தரக்கூடியது தாளிலே 26 வாற்ஸ். நடைமுறையில் 20ஐத் தொடுவதே பெரிய காரியம். அதற்கு மேல் கூட்டினால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும். அந்தக் கரகரப்பைத்தான் பலர் 'பவர்' என்று நினைக்கிறார்கள். தனி அம்ப் போடுகிறவர்கள் அதனால்தான் போடுகிறார்கள். அதிலும் ஒரு விஷயம்: வாற்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபெல்தான் ஏறும். காசு இரண்டு மடங்கு, காதுக்குத் தெரிவது கொஞ்சம்.

காசு கொடுக்க முன்னம் கதவைப் பாருங்கள் என்பேன். காரில் ஸ்பீக்கரின் பெட்டி கதவுதான். ஆனால் ஓட்டைப் பெட்டி. ஸ்பீக்கர் முன்னுக்குத் தள்ளுகிற காற்றும் பின்னுக்குத் தள்ளுகிற காற்றும் அந்த ஓட்டைகள் வழியே சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிடும். முதலில் போவது பேஸ். கதவுத் தகட்டில் தார்போல ஒட்டுகிற டாம்பிங் ஷீற்றைப் போட்டு ஓட்டைகளையும் அடைத்தால் கம்பெனி ஸ்பீக்கரே வேறு குரலில் பேசும். அடுத்தது வயர் மாறாமல் பார்ப்பது. ஒரு கதவில் பிளஸ், மைனஸ் மாறிக் கொழுவியிருந்தால் ஒரு பக்க ஸ்பீக்கர் தள்ள மற்றப் பக்கம் இழுக்கும். சப் வூபர் வாங்கினாலும் பேஸ் பலவீனமாகத்தான் இருக்கும். நெல்லியடியில் நான் பார்த்த ஒரு வாகன்ஆருக்கு அதுதான் நோய். உரிமையாளர் ஏற்கனவே இரண்டு தரம் ஸ்பீக்கர் மாற்றியிருந்தார்!

சப் வூபருக்கு அம்ப் போடுகிறவர்கள் செட்டின் பின்னால் போகிற மெல்லிய வயரில் கரண்ட் எடுப்பதைப் பார்த்தால் எழும்பி வந்துவிடுங்கள். பற்றரியிலிருந்து தடித்த வயர் தனியாக வரவேண்டும், பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்கவேண்டும். அலுமினியத்துக்குச் செப்புப் பூசிய வயர் மலிவு. அதே தடிப்பில் அது கொண்டுபோகிற கரண்ட்டும் குறைவு, சூடும் கூட. ஹைபிரிட் கார் என்றால் செம்மஞ்சள் நிற வயர்களுக்குக் கிட்டவும் போகக்கூடாது.

பழைய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40ம் இன்னும் ஓடுகிற ஊர் என்பதால் இதையும் சொல்லவேண்டும். அந்தக் கார்களில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் போடியில். இன்றைய கார்களில் நெகற்றிவ். கவனியாமல் புதுச் செட்டைக் கொழுவினால் முதல் பாட்டுக்கு முன்னமே புகை வரும். யுத்தத்தில் மண்ணெண்ணெயில் ஓடின காலத்தைத் தாண்டி வந்த எஞ்சினை செட் பூட்டுகிறவன் பயமுறுத்த ஏலாதுதான். செட் போய்விடும்.

நல்ல சவுண்ட் என்றால் என்ன? கேட்டுப் பார்த்தேன். பதில் எல்லா இடத்திலும் ஒன்று: கண்ணாடி அதிரவேண்டும். கோயில் கூம்பு ஸ்பீக்கரில் வளர்ந்த காதுகள் இவை. கூம்பு நடுச்சுருதியைத் தூரத்துக்கு எறியும், பேஸ் என்பதே கிடையாது. அந்தப் பஞ்சத்தைத்தான் இப்போது காருக்குள் தீர்க்கிறார்களோ தெரியாது. என்னிடம் ஒரு சோதனை உண்டு. 1975இல் மறைந்த தவில் மேதை தட்சணாமூர்த்தியின் ஒலிப்பதிவு ஒன்றைப் போனில் வைத்திருக்கிறேன். பழைய பதிவு, இரைச்சல் உண்டு. நல்ல ஸ்பீக்கரில் தொப்பியின் கும்கும் ஒரு பக்கமும் வலந்தலையில் விரல்கூடு விழுகிற நறுக் ஒரு பக்கமும் தனித்தனியாக நிற்கும். கெட்ட ஸ்பீக்கரில் தகர டப்பாவை உருட்டினமாதிரி. யாழ் நகரில் கண்ணாடி அதிர வைத்த ஒரு காரில் அதைப் போடச் சொன்னேன். தொப்பி மட்டும் கேட்டது. விரலைக் காணோம்.

அந்தக் காருக்குள் இருந்தபோதுதான் இந்தக் கட்டுரை வழி மாறியது.

கதவு நான்கிலும் ஷீற் ஒட்டி, கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, பின்னுக்கு 12 அங்குல சப். கோண்டாவில் பக்கம் ஒரு ஓட்டம் போய் வருவோம் என்று அதற்குச் செட் பூட்டிய தம்பி ஏற்றிக்கொண்டு போனார். ரெயில் கடவையைத் தாண்டினோம். தாண்டிப் பத்து யார் போனபிறகு கண்ணாடியில் பார்த்தால், பின்னால் வந்த மோட்டர் சைக்கிள்காரர் கடவைக்கு அந்தப் பக்கம் காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். ஏன் நிற்கிறார் என்று யோசித்து முடிக்க முன் ரெயில் போனது. ஹோர்ன் அடித்துக்கொண்டுதான் வந்திருக்கும். நாங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை. தம்பி சிரித்தார். எனக்கு முழங்கால் நடுங்கினது.

ஒரு விஷயத்தை வேறு ஊர்க்காரர் சொன்னால் விளங்காது. எங்களை யுத்த காலத்தில் காப்பாற்றியது காது. கரண்ட் இல்லாத வருஷங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ கேட்டோம். இரவு செய்திக்குச் சுற்றுவதற்கு வீட்டில் முறை இருந்தது. கை களைத்தால் செய்தியும் இழுத்துக்கொண்டு போகும். பொம்மரா, ஹெலியா என்று இரைச்சலை வைத்தே குழந்தைகள் பிரித்துச் சொல்லும். ஷெல் குத்துகிற சத்தத்துக்கும் விழுகிற சத்தத்துக்கும் நடுவில் எத்தனை எண்ணலாம் என்று தெரிந்தவர்கள் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள்.

அந்தக் காதுக்குத் தெரியாத ஒரு சத்தம் ரெயில். 1990 ஜூனில் யாழ்தேவி ரெயில் நின்றது. தண்டவாளம் போனது, சிலிப்பர் கட்டைகள் பங்கருக்குப் போயின, பாதையில் பற்றை வளர்ந்தது. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரெயில் திரும்ப வந்தது. நடுவில் 24 வருஷம். அந்த 24 வருஷத்தில் பிறந்து, வளர்ந்து, லைசென்ஸ் எடுத்தவர்களுக்குக் கடவை என்றால் வீதியில் ஒரு மேடு. வேகத்தைக் குறைப்பது ஷொக் அப்சோபருக்காக. நின்று இரண்டு பக்கமும் கேட்கிற பழக்கம் எங்கள் தகப்பன்மாருக்கு இருந்தது. கையளிக்க ரெயில் இருக்கவில்லை.

மிருசுவிலிலிருந்து கொடிகாமம், மீசாலை, சாவகச்சேரி, நாவற்குழி வந்து, பிறகு கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பளை, மாவிட்டபுரம் என்று பாதை ஊர்களுக்கு நடுவாலேயே போகிறது. ஒழுங்கைக்கு ஒரு கடவை. சிலதில் கேற், சிலதில் மணியும் சிவப்பு விளக்கும், சிலதில் பலகை மட்டும். பலகை மட்டும் உள்ள இடத்தில், பனை வடலியும் மதிலும் மறைக்கிற இடத்தில், காதுதான் கேற்.

அந்தக் கேற்றைத்தான் நாங்கள் காசு கொடுத்துப் பூட்டுகிறோம். சப் வூபர் வேலை செய்வது 30இலிருந்து 80 ஹேர்ட்ஸ் வரையான அடிச் சுருதியில். ரெயில் ஹோர்ன் சில நூறு ஹேர்ட்ஸில் கத்தும். இரண்டும் வேறு வேறு பகுதிதானே, ஹோர்ன் தனியாகக் கேட்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். காது அப்படி வேலை செய்வதில்லை. அடிச் சுருதி பலமாக ஒலிக்கும்போது தனக்கு மேலே உள்ள சுருதிகளையும் அது மூடும். மேலே உள்ளது கீழே உள்ளதை அந்தளவுக்கு மூடாது. உட்காதின் அமைப்பு அப்படி. போதாக்குறைக்கு டாம்பிங் ஷீற். பாட்டு வெளியே போகாமல் மறிக்கிற அதே ஷீற், ஹோர்ன் உள்ளே வராமலும் மறிக்கும். ரெயில் மணிக்கு 80 கிலோமீற்றரில் வருகிறது என்று வையுங்கள்: செக்கனுக்கு 22 மீற்றர். பாட்டின் ஒரு வரிக்குள் நூறு மீற்றர் போய்விடும்.

செவிடாகிற கதை வேறு. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு, கிழமைக்கு 40 மணித்தியாலம் கேட்பதென்றால் 80 டெசிபெல். 90 ஆனால் 4 மணித்தியாலம். கிளிநொச்சிக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர் 90இல் பாட்டுப் போட்டால் செவ்வாய்க்கிழமையோடு கிழமைக் கணக்கு முடிந்தது. ஆனால் அது மெதுவாக வருகிற ஆபத்து. எனக்கு இந்த மூன்று நாளும் மண்டைக்குள் நின்றது காலை ஊன்றி நின்ற அந்த மோட்டர் சைக்கிள்காரர்தான். ஹெல்மெட் போட்ட மனுசனுக்கே கேட்டிருக்கிறது.

தம்பியிடம் சொன்னேன். "சத்தத்தைக் கூட்டுறது கை அண்ணை, செட் இல்லை" என்றார். நியாயம்தான். வீட்டில் நாலு பேர் அந்தத் தொழிலில் சாப்பிடுகிறார்கள் என்பதும் நியாயம்.

பிறகு என் காரையும் அவரிடமே விட்டேன். சப் வேண்டாம், முன் கதவுக்கு மட்டும் நல்ல ஸ்பீக்கர், ட்வீற்றர் தனியாக. ஷீற் உள் தகட்டில் ஓட்டை அடைக்கிற அளவுக்கு மட்டும். செட்டின் பின்னால் ஒரு மெல்லிய வயர் கொழுவாமல் கிடந்தது. என்னவென்று கேட்டேன். மியூட் வயர், போடியில் தொட்டால் சத்தம் நிற்கும், போன் வருகிறபோது பாட்டை நிறுத்துவதற்காகச் செய்தது, ஒருவரும் கொழுவுவதில்லை என்றார். அதைக் கியருக்குப் பக்கத்தில் ஒரு சுவிச்சுக்குக் கொண்டுவர ஏலுமா? அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "ஏலும். ஆனா இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை." கால் மணித்தியால வேலை. சுவிச்சுக்குக் காசும் வாங்கவில்லை.

அன்று பின்னேரம் அதே கடவையில் நின்று சுவிச்சை அமத்திக் கண்ணாடியை இறக்கினேன். எங்கோ ஒரு வீட்டில் நாய் குரைத்தது, பக்கத்து வளவில் யாரோ தேங்காய் துருவினார்கள். ரெயில் இல்லை. பின்னால் வந்த ஓட்டோக்காரர் பொறுமையிழந்து ஹோர்ன் அடித்தார். அது நன்றாகவே கேட்டது.