போன விரலுக்கு யார் பொறுப்பு?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்குக் கட்டுமாவடி என்றால் மீன் மார்க்கெட். நண்டும் இறாலும் வாங்குவதற்கென்றே வண்டியை ஓரங்கட்டுகிற ஊர். இங்கிருந்து மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என நீளும் புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில் நாட்டுப்படகும் உண்டு, விசைப்படகும் உண்டு. மீனுக்கு விலை சொல்ல ஏலக்காரர் இருக்கிறார். அந்த மீனைப் பிடிக்கப் போன இடத்தில் ஒருவருக்குக் கை போனால் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

விசைப்படகில் மடி வலையை இழுப்பது வின்ச். இரும்புக் கம்பிக்கயிறு உருளையில் சுற்றும்போது ஒரே பக்கம் குவிந்துவிடாமல் ஒருவர் பக்கத்தில் நின்று ஒதுக்கிவிட வேண்டும். ராத்திரி நேரம், நனைந்த தளம், ஆடுகிற படகு, தூக்கமில்லாத கண். கம்பியில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தாலோ, கைலியின் ஓரம் மாட்டினாலோ, எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கத்துவதற்குள் விரல்கள் உள்ளே போய்விடும். கரைக்குத் திரும்பவே சில மணி நேரம் ஆகும். உருளைக்கு ஒரு தடுப்பும், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு நிறுத்தும் விசையும் இருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். ஒரு தொழிற்சாலையில் சுழலும் எந்திரத்துக்கு மறைப்பு வைக்காவிட்டால் அது சட்டப்படி குற்றம். கடலில் அதே எந்திரம் திறந்தே சுழல்கிறது.

காரணம் பங்கு முறையில் இருக்கிறது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு, மிஞ்சுவதைப் படகு உரிமையாளரும் கடலுக்குப் போனவர்களும் பிரித்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். லாபத்தில் எல்லோருக்கும் பங்கு என்பது நியாயமான ஏற்பாடாகவே தெரியும். ஆனால் அடிபட்டவர் சட்டத்தின் கதவைத் தட்டும்போது அதே ஏற்பாடு அவருக்கு எதிராக நிற்கிறது. பங்கு வாங்குகிறவர் கூட்டாளியா, தொழிலாளியா? வேலையில் அடிபட்டவருக்கு இழப்பீடு என்ற சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. அதுவும் முதலாளி யார் என்ற கேள்வியில்தான் தொடங்கியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்போ, பொதுவாகப் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடங்களையே கணக்கில் கொள்கிறது. பாக் நீரிணையில் மீன் பிடிக்கும் விசைப்படகில் போகிறவர்கள் பெரும்பாலும் நான்கைந்து பேர்.

இந்த முடிச்சை உலகம் அவிழ்க்காமல் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2007-இல் கொண்டுவந்த 188-ஆம் உடன்படிக்கை, பங்குக்குப் போகிறவரும் மீன்பிடித் தொழிலாளியே என்று நேராகச் சொல்கிறது. பாதுகாப்பான கருவிகளுக்கும் வசதிகளுக்கும் உரிமையாளர் பொறுப்பு. கடலில் ஆட்களின் பாதுகாப்புக்குப் படகை ஓட்டுபவர் பொறுப்பு. வேலைக்கு எழுத்து வடிவில் ஒப்பந்தம் வேண்டும். ஆசியாவில் முதல் நாடாகத் தாய்லாந்து 2019-இல் இதை ஏற்றது. இந்தியா ஏற்கவில்லை. மீன்பிடித் தொழிலில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் உயிரிழப்பதாக 2022-இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது.

அரசு தன் பங்கைச் செய்தால் என்ன நடக்கும் என்பதை இரண்டு புயல்கள் காட்டின. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி குமரிக் கடலில் வேகமாக உருவானபோது, ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. குமரி மாவட்டக் கரையோர ஊர்கள் ஏராளமானவர்களைப் பறிகொடுத்தன. அடுத்த ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையைக் கடந்தபோது, பல நாள் முன்பிருந்தே எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. புதுக்கோட்டைக் கரையில் படகுகள் நொறுங்கின, தென்னைகள் சாய்ந்தன. ஆனால் ஒக்கியைப் போல நடுக்கடலில் ஆட்கள் மாட்டிக்கொள்ளவில்லை.

விபத்துக்குப் பிறகு உதவி வராமல் இல்லை. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழுள்ள விபத்துக் காப்பீட்டில், இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய், பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம். அவசியமான உதவிதான். ஆனால் காப்பீடு வின்ச்சுக்குத் தடுப்பு போடாது. உடல் கிடைக்காதவர் வீட்டிலோ, ஏழாண்டு தகவல் இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கொள்ளும் சாட்சியச் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஒக்கிக்குப் பிறகு அரசு தனி ஆணை போட்டு அதைத் தளர்த்த வேண்டியிருந்தது.

கரையில் மீன் பிரிக்கும் பெண்களின் பாடு இன்னும் கவனிப்பில்லாதது. ஐஸ் தண்ணீரில் ஊறிய விரலில் கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ ஏறினால் வலி உயிரை எடுக்கும். தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காயத்தை முக்கி வைத்தால் திருக்கை விஷத்தின் வீரியம் குறையும். அதற்குப் பிறகு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கையுறையும் வெந்நீரும் தயாராக வைக்க வியாபாரிக்குப் பெரிய செலவு ஆகாது. இங்கே யாரும் பங்காளி இல்லை. கூலி கொடுப்பவர் யாரென்பதில் குழப்பமும் இல்லை.

கடலுக்கும் வழி கைவசமே இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. மீன்வளத் துறை அவற்றை நேரில் ஆய்வு செய்வதும் அப்போதுதான். பதிவு, நீளம், எஞ்சின் திறன் பார்க்கும் அதே அதிகாரி வின்ச்சுக்குத் தடுப்பு இருக்கிறதா, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, பங்குக்குப் போகிறவர்களுடன் எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருக்கிறதா என்றும் பார்க்கட்டும். இல்லாத படகுக்குக் கடலுக்குப் போகும் டோக்கனை நிறுத்தி வைக்கட்டும். தடுப்பு போடச் சிறிய உரிமையாளருக்குக் காசில்லை என்றால், டீசலுக்குக் கொடுக்கும் மானியத்தைப் போல இதற்கும் அரசு கொடுக்கலாம்.