காப்பிப் பழமும் ஆம்பூர்க் காலணியும்



காலைத் திருப்பலி முடிந்து வந்ததும் ஒரு டம்ளர் காப்பி குடிப்பது என் பழக்கம். அந்தக் காப்பியை விளைவிக்கும் நாடுகள் பலவும் ஏழை நாடுகளே. எத்தியோப்பியாவும் உகாண்டாவும் ஹோண்டுராசும் பச்சைக் கொட்டையை மூட்டை மூட்டையாக விற்கின்றன. அதை வறுத்து, பெயர் ஒட்டி, நல்ல விலைக்கு விற்பவர்கள் வேறு நாட்டவர். தரத்தை உயர்த்தினால் விளைவிப்பவர்களுக்குக் கூடுதல் வருமானம் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். நம் பகுதிக்கு இது புதிய கேள்வி அன்று. தோலில் நாம் இதைச் செய்து பார்த்தவர்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு காலத்தில் இங்கிருந்து அரைகுறையாகப் பதனிட்ட தோல்தான் கப்பலேறியது. காலணியாக்கி இலாபம் பார்த்தவர்கள் ஐரோப்பியர். சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி 1973இல் அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடை செய்தது; பாதி பதனிட்ட தோலுக்கும் அளவு வரம்பு விதித்தது. அடையாற்றில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொழில்நுட்பத்தில் கைகொடுத்தது. முழுதாகப் பதனிட்ட தோல், பிறகு ஷூவின் மேல்பாகம், பிறகு முழு ஷூ என்று படிப்படியாக ஏறினோம். தரம் உயர்ந்தது, விலையும் உயர்ந்தது. இதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த உயர்வின் செலவை யார் ஏற்றார்கள்? பாலாறு ஏற்றது. உப்பும் குரோமியமும் கலந்த கழிவு, கிணற்றையும் நிலத்தையும் கெடுத்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் மீண்டும் அதே இழப்பீட்டைப் பற்றி ஆணையிட வேண்டியிருந்தது! (திருத்தூதர் பேதுரு யோப்பாவில் தங்கியது தோல் பதனிடும் சீமோன் வீட்டில், அது கடலோரத்தில் இருந்தது. அந்த வீட்டுக் கழிவுநீர் எங்கே போயிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.)

பெண்களும் ஏற்றார்கள். ஆம்பூரைச் சுற்றி வீட்டுத் திண்ணையில் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் தாய்மார்களுக்கு ஜோடிக் கணக்கில் கூலி. ஒரு தையல் கோணினால் ஜோடி திரும்பி வரும். பிரித்துத் தைக்கும் நேரத்திற்குக் கூலி இல்லை என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். தரம் வேண்டும் என்கிறோம். அந்தத் தரத்திற்கான நேரத்தை அவரிடமிருந்து இலவசமாக வாங்கிக்கொள்கிறோம்.

காப்பியிலும் இதே முடிச்சுதான். நல்ல காப்பிக்கு, சிவக்கப் பழுத்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும். காயும் பழமுமாகக் கிளையை உருவக் கூடாது. ஒரே செடிக்குப் பலமுறை போக வேண்டும். கிலோ கணக்கில் கூலி பெறுபவர் இப்படிப் பொறுக்கினால், மாலையில் கூடை எடை குறையும். அவரைப் பொறுத்தவரை தரம் என்பது கூலிக் குறைப்பு. ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கில் நாந்தி அறக்கட்டளை, பழங்குடி விவசாயிகளிடம் பழுத்த பழத்தை வாங்கிப் பொது இடத்தில் பதப்படுத்துகிறது. அந்தக் காப்பிக்கு 2017இல் பாரிசில் ஒரு கடையே திறந்தார்கள். அங்கே பறிப்பவரும் விற்பவரும் ஒரே குடும்பம் என்பதால் பொறுமைக்குப் பலன் வீட்டுக்கே வருகிறது.

மூலப்பொருளை விற்கும் நாடுகளின் விலை ஏறி இறங்கித் தடுமாறுவதைப் புனித ஆறாம் பவுல் 1967இல் 'மக்களின் முன்னேற்றம்' சுற்றுமடலில் சுட்டிக்காட்டினார். மெக்சிகோ மலைகளில் காப்பி விவசாயிகளோடு உழைத்து வாழ்ந்த ஹாலந்துக் குரு பிரான்ஸ் வான்டர் ஹாஃப், 1988இல் 'மேக்ஸ் ஹாவலார்' என்ற நியாய வணிக முத்திரை தொடங்கக் காரணமானார். விவசாயிக்குக் குறைந்தபட்ச விலையை அது உறுதி செய்தது. ஆனால் அது சொந்த நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயியின் கூட்டுறவுக்கானது. ஏற்காட்டிலோ குடகிலோ அடுத்தவர் தோட்டத்தில் பழம் பறிப்பவருக்கும், நம் ஊர்த் திண்ணையில் ஊசி பிடிப்பவருக்கும் அந்த முத்திரையில் இடமில்லை.