வீட்டுக் கம்பிக்குள் ஓயாத நடுக்கம்: சூடு பட்டால் இரும்பு ஏன் குணம் மாறுகிறது?

சங்கரன்கோவில், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று நம் வட்டாரத்தில் எந்த ஊருக்குப் போனாலும், ஏதாவது ஒரு தெருவில் புது வீட்டுக்குக் கம்பி கட்டும் வேலை நடந்துகொண்டிருக்கும். அவற்றில் பல வீடுகள் வளைகுடாவில் பத்து, இருபது வருடம் உழைத்துச் சேர்த்த காசில் எழுபவை. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பார். கடையில் கம்பி வாங்குவதும் கொத்தனாரிடம் பேசுவதும் வீட்டிலிருக்கும் பெண்கள் அல்லது வயதான பெற்றோரின் பொறுப்பாகிவிடும். தரைக்கு எந்த டைல்ஸ், கதவுக்கு எந்த மரம் என்று மாதக்கணக்கில் யோசிக்கும் நாம், கம்பியைப் பற்றி மட்டும் "கிலோ என்ன விலை?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

ஆனால் தலைக்கு மேலே இருக்கும் கான்கிரீட்டைத் தாங்குவது அந்தக் கம்பிதான். அதன் பலம், அதில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதால் மட்டும் வருவதில்லை. ஆலையில் அது செக்கச்சிவக்க இருக்கும்போது எவ்வளவு வேகமாகக் குளிர்விக்கப்பட்டது என்பதிலும் இருக்கிறது. அங்கே சில நொடிகளில் வந்து சேர்ந்த பலத்தை, வேலை நடக்கும் இடத்தில் சில நிமிட நெருப்பால் கெடுத்துவிடவும் முடியும். இது ஏன் என்று புரிந்துகொள்ள, இரும்பின் அணுக்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அசையாத இரும்புக்குள் ஓயாத அசைவு

ஓர் இரும்புத் துண்டில் ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் ஏறத்தாழ 40 லட்சம் அணுக்கள் அடுத்தடுத்து நிற்க முடியும். அவை குவியலாகக் கிடக்கவில்லை. தொழுகைக்கு ஸஃப் கட்டி நிற்பதைப் போல ஒழுங்கான வரிசைகளில் நிற்கின்றன.

ஒரு வித்தியாசம் உண்டு. இந்த வரிசையில் யாரும் அசையாமல் நிற்பதில்லை. ஒவ்வோர் அணுவும் தன் இடத்திலேயே நின்றபடி ஒரு நொடிக்குப் பல லட்சம் கோடி முறை நடுங்கிக்கொண்டிருக்கிறது. நாம் 'சூடு' என்று சொல்வது பெரும்பாலும் இந்த நடுக்கத்தைத்தான். சூடு ஏற ஏற நடுக்கம் பெரிதாகிறது. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு அணுக்கள் சற்று விலகி நிற்பதால் இரும்பு நீளுகிறது. ஒரு மீட்டர் கம்பியின் சூடு 10 டிகிரி கூடினால் அது சுமார் 0.12 மில்லிமீட்டர் நீளும். விருதுநகர் – தென்காசி ரயில் பாதையில் சங்கரன்கோவில் வழியாகப் போகும் தண்டவாளமும் சித்திரை வெயிலில் இப்படித்தான் நீளப் பார்க்கிறது.

கான்கிரீட்டும் வெப்பத்தில் கிட்டத்தட்ட இதே அளவுக்குத்தான் விரிகிறது. இந்த ஒற்றுமை இல்லாவிட்டால், பகலில் கொதித்து இரவில் ஆறும் நம் ஊர் மாடிகளில் கம்பியும் கான்கிரீட்டும் ஒன்றை ஒன்று விட்டு விலகிவிடும். கம்பி போட்ட கான்கிரீட் வீடு நிலைப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

ஒரே இரும்பு, வேறு வேறு அடுக்கு

தண்ணீர் பனிக்கட்டியாவதும் ஆவியாவதும் நிலை மாற்றம் என்று பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். இரும்போ உருகாமல், திடப்பொருளாக இருக்கும்போதே நிலை மாறுகிறது.

சாதாரண வெப்பத்தில் இரும்பின் அணுக்கள் ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும், அதன் நடுவில் ஒன்றுமாக நிற்கின்றன. ஒவ்வோர் அணுவுக்கும் மிக அருகில் எட்டு அண்டை வீட்டார். சூடேற்றிக்கொண்டே போனால் 770 டிகிரி செல்சியஸில் இரும்பு தன் காந்த குணத்தை இழக்கிறது. அதற்கு மேல் காந்தம் அதில் ஒட்டாது. 912 டிகிரியில் வரிசையே மாறுகிறது. இப்போது கனசதுரத்தின் மூலைகளிலும் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் அணுக்கள். அண்டை வீட்டார் எட்டிலிருந்து பன்னிரண்டாகிறார்கள். நெருக்கம் கூடுவதால், சூடேறிக்கொண்டிருக்கும்போதே இரும்பு கொஞ்சம் சுருங்குகிறது. 1394 டிகிரியில் மறுபடியும் பழைய அடுக்குக்கே திரும்பி, 1538 டிகிரியில் உருகுகிறது.

இப்படி மாறுவதற்கு என்ன காரணம்? குறைந்த வெப்பத்தில், அணுக்களைக் குறைந்த ஆற்றலில் பிணைத்து வைக்கும் அடுக்கு வெல்கிறது. வெப்பம் ஏறும்போது, அணுக்கள் தாராளமாக நடுங்க இடம் கொடுக்கும் அடுக்குக்குச் சாதகம் கூடுகிறது. இரும்பில் இந்த நடுக்கத்தோடு காந்த குணமும் சேர்ந்துகொள்வதால்தான், போய்த் திரும்பி வரும் இந்த விசித்திரப் பயணம்.

கண்ணுக்குத் தெரியாத இந்த நடுக்கத்தை அளக்க முடியும். பொருளின் மீது நியூட்ரான்களைப் பாய்ச்சி, அவை பட்டுத் திரும்பும்போது எவ்வளவு ஆற்றலைப் பெற்றன, எவ்வளவு இழந்தன என்று பார்த்தால் அணுக்களின் நடுக்கம் தெரிந்துவிடும். இந்த முறையை வளர்த்தெடுத்த கனடா நாட்டு பெர்ட்ரம் புரோக்ஹவுஸுக்கு 1994இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் மும்பை டிராம்பேயின் துருவா அணு உலையில் இவ்வகை ஆய்வுகள் நடக்கின்றன. நம் மாநிலத்தில் கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், அணு உலைக்குரிய எஃகு வகைகள் கடும் வெப்பத்தில் எப்படி மாறுகின்றன என்பதை ஆராய்கிறது. இயற்பியல், உலோகவியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எட்டாத துறை அல்ல.

கொல்லுப் பட்டறையில் நடப்பது

கொல்லர் அரிவாளைச் சிவக்கக் காய்ச்சி, அடித்து, கடைசியில் தண்ணீரில் முக்குவார். இதைத் தோய்ச்சல் போடுவது என்பார்கள். வெறும் ஆறவைப்பது அல்ல இது.

எஃகு என்பது கொஞ்சம் கரி கலந்த இரும்பு. சூடான நெருக்க அடுக்கில், இரும்பு அணுக்களுக்கு நடுவே கரி அணுக்கள் உட்காரத் தோதான இடைவெளிகள் உண்டு. அதிகபட்சம் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் வரை கரியை அது ஏற்கும். குளிர்ந்த அடுக்கோ 0.02 சதவீதத்தைத் தாண்டி ஏற்காது. எனவே மெதுவாக ஆறும்போது கரி அணுக்கள் ஒவ்வொன்றாக வெளியேறி, தனியே ஒதுங்கிக்கொள்ளும். கிடைப்பது ஓரளவு மிருதுவான, வளையக்கூடிய எஃகு.

திடீரென்று தண்ணீரில் முக்கினால் கரிக்கு வெளியேற நேரமில்லை. அணுக்கள் ஒவ்வொன்றாக நடந்து இடம் மாறவும் நேரமில்லை. முழு ஸஃபும் ஒரே நேரத்தில் அரை அடி நகர்ந்தால் எப்படியோ, அப்படி எல்லா அணுக்களும் சேர்ந்து சற்று நகர்ந்து புது அடுக்குக்கு வருகின்றன. இரும்பில் ஒலி பாயும் வேகத்தை நெருங்கும் வேகத்தில்கூட இது நடக்கும். வெளியேற முடியாத கரி உள்ளேயே சிக்கி, வரிசைகளை இழுத்துப் பிடிக்கிறது. அதனால் எஃகு மிகக் கடினமாகிறது. ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் மார்டென்ஸ் நினைவாக இந்த அடுக்குக்கு மார்டென்சைட் என்று பெயர்.

ஆனால் அது கண்ணாடி மாதிரி; கடினம் உண்டு, தாங்கும் தன்மை இல்லை. அதனால்தான் தோய்ச்சல் போட்ட பிறகு மறுபடி இளஞ்சூடு காட்டுவார்கள். சிக்கிய கரி கொஞ்சம் விடுபட்டு, கடினத்தோடு உறுதியும் சேரும்.

இந்த அறிவு நம் மண்ணுக்குப் புதிதல்ல. தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் இரும்புக் கருவிகள் கிடைத்துள்ளன. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகளின் காலம் பொ.ஆ.மு. 3345 வரை செல்வதாக, தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' அறிக்கை கூறுகிறது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் பழங்கால உலைகளின் தடயங்கள் உள்ளன. தென்னிந்திய உருக்கு கடல் வழியே மேற்கே போனது. இந்திய இரும்பில் செய்த வாளுக்கு அரபு மொழியில் 'முஹன்னத்' என்றே பெயர். 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி வாள்களின் வகைகளைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். 1830களில் பரங்கிப்பேட்டையில் சேலத்துத் தாதுவைக் கொண்டு இரும்பு ஆலையும் இயங்கியது.

டி.எம்.டி. கம்பி எப்படி உருவாகிறது?

கொல்லர் செய்யும் அதே இரண்டு வேலைகளையும், தோய்ச்சலையும் பின்சூட்டையும், ஆலை ஒரே ஓட்டத்தில் செய்கிறது. 1970களில் பெல்ஜியத்தில் உருவான முறை இது.

சுமார் 1100 டிகிரிக்கு மேல் காய்ச்சிய எஃகு, உருளைகளுக்கு நடுவே அழுத்தப்பட்டுக் கம்பியாகிறது. செந்நிறமாக ஓடிவரும் அந்தக் கம்பி, அழுத்தத்தோடு தண்ணீர் பாயும் குழாய்களுக்குள் கண நேரம் நுழைந்து வெளியேறுகிறது. மேல்தோல் மட்டும் திடீரென்று குளிர்ந்து மார்டென்சைட் ஆகிறது. உள்ளே இன்னும் நெருப்பாகத்தான் இருக்கிறது. வெளியே வந்ததும் உள்சூடு தோலை நோக்கிப் பரவி, அதற்குப் பின்சூடு கொடுக்கிறது. பிறகு நடுப்பகுதி மெதுவாக ஆறி மிருதுவாகிறது.

முடிவில் கிடைப்பது, வெளியே உறுதியான வளையமும் உள்ளே வளைந்து கொடுக்கும் நடுப்பகுதியும் கொண்ட கம்பி. பூமி அதிரும்போது வீடு சட்டென்று முறிந்து விழாமல் இருக்க இந்த வளைந்து கொடுக்கும் குணம் அவசியம். கம்பியைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, நீர்த்த நைட்ரிக் அமிலம் கலந்த கரைசலைத் தடவினால், சுற்றிலும் கறுத்த வளையம் தெரியும். இது ஆய்வகத்தில் செய்ய வேண்டிய சோதனை. வீட்டில் முயல வேண்டாம்.

வீடு கட்டுவோர் கவனத்துக்கு

* நெருப்பு வேண்டாம்: தடித்த கம்பியை எளிதாக வளைக்க, சில இடங்களில் விறகுத் தீயிலோ கேஸ் விளக்கிலோ சிவக்கக் காட்டுவார்கள். சிவந்துவிட்டது என்றால் 700 டிகிரியை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சூட்டில் வெளி வளையத்தின் அடுக்கு குலைகிறது. பிறகு காற்றில் ஆறினால் பழைய பலம் திரும்பாது. பார்வைக்கு மட்டும் அதே கம்பியாக இருக்கும். கம்பியைச் சூடாக்காமல்தான் வளைக்க வேண்டும்.

* வளைத்ததை நிமிர்த்தி மறுபடி வளைக்க வேண்டாம்: ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் விரிசல் விழும்.

* பற்றவைப்பு: வெல்டிங்கின் சூடும் இதே கெடுதலைச் செய்யக்கூடும். பொறியாளர் சொல்லாமல் தூண், உத்திரக் கம்பிகளை வெல்டிங் செய்ய விடாதீர்கள்.

* முத்திரையும் தரமும்: ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 1786 என்ற எண்ணும் உள்ளதா என்று பாருங்கள். எஃப்.இ. 500 என்பதில் உள்ள 500, பலத்தின் அளவு. கூடவே 'டி' என்ற எழுத்து இருந்தால் இழுபடும் தன்மை அதிகம். எஃப்.இ. 500 கம்பி அறுவதற்கு முன் குறைந்தது 12 சதவீதம் நீள வேண்டும், எஃப்.இ. 500 டி என்றால் 16 சதவீதம். எண் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, இந்த எழுத்தும் முக்கியம்.

* எடை: கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்குச் சுமார் 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.7 கிலோ அளவில் இருக்க வேண்டும். இந்த அளவுக்கு ஓரிரு சதவீத வித்தியாசம் சகஜம். 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கேள்வி கேளுங்கள்.

* மூடுகனம்: கம்பிக்கு மேல் தளத்தில் குறைந்தது 20, தூணில் 40 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும். துருவிலிருந்து மட்டுமல்ல, தீ விபத்தின் சூட்டிலிருந்தும் கம்பியைக் காப்பது அதுதான். 600 டிகிரி அளவில் எஃகின் பலம் பாதியாகிவிடும். தீப்பிடித்த வீட்டை வெள்ளையடித்துக் குடியேறிவிடாமல், முதலில் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுவது நல்லது.

இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. கம்பி இறங்கும் அன்று ஒரு தராசும், கம்பி வளைக்கும் அன்று ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பதும் போதும். கான்கிரீட் ஊற்றிய பிறகு கம்பியை யாரும் திறந்து பார்க்க முடியாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் அடுத்த முறை வீட்டுக்குப் போன் செய்யும்போது, சுவருக்கு என்ன வண்ணம் என்று கேட்பதற்கு முன்னால், கம்பியை நெருப்பில் காட்டுகிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.