கீமோ தொடங்கும் முன் கேட்டுவிடுங்கள்

புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டில் உயிரைக் காப்பாற்றும் பேச்சு மட்டுமே நடக்கும். நோயாளி பதினெட்டு வயதுப் பையனாகவோ, கல்யாணமாகாத பெண்ணாகவோ இருந்தால், முதல் டிரிப் ஏறுவதற்கு முன் மருத்துவரிடம் இன்னொன்றும் கேட்டாக வேண்டும்: "இந்தச் சிகிச்சைக்குப் பிறகு குழந்தை பிறக்குமா?" சில கீமோ மருந்துகளும் இடுப்புப் பகுதியில் தரும் கதிர்வீச்சும் விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடக்கூடும்; கருமுட்டைகளை அழித்துவிடக்கூடும். குணமான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால், பலருக்குக் காலம் கடந்துவிடும்.

உறைந்தும் உயிரோடு

சிகிச்சைக்கு முன்பே விந்தணுவையோ கருமுட்டையையோ எடுத்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பாதுகாக்கலாம். அதன் குளிர் மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். அதில் செல்லின் இயக்கமெல்லாம் நின்றுவிடுவதால் அதற்கு வயது ஏறுவதில்லை. பயப்பட வேண்டியது பனிப்படிகங்களுக்குத்தான். செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து, கூரிய படிகங்களாகிச் சவ்வைக் கிழித்துவிடும். கிளிசரால் சேர்த்தால் சேவலின் விந்தணு உறைந்து உருகிய பிறகும் பிழைக்கிறது என்று 1949-ல் லண்டனில் கிறிஸ்டோபர் போல்ஜ் குழுவினர் கண்டார்கள். மனித விந்தணுவிலும் 1953-க்குள் வெற்றி கிடைத்தது.

கருமுட்டைதான் நெடுங்காலம் வழிக்கு வரவில்லை. உடலின் மிகப் பெரிய செல் அது. உள்ளே தண்ணீர் நிறைய. இன்று பாதுகாப்புத் திரவத்தில் ஊறவைத்த முட்டையை மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின் நுனியில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத துளியாக வைத்து, நேரே நைட்ரஜனில் முக்குகிறார்கள். படிகம் உருவாக நேரமே இல்லாமல் துளி கண்ணாடிபோல் இறுகிவிடுகிறது.

எத்தனை நாள் ஆகும்?

ஆண்களுக்கு ஒரே நாள் போதும். பருவமடைந்த பையன்களுக்கும் அப்படித்தான். இங்கே தடை கூச்சம் மட்டுமே. அப்பா பேசத் தயங்கினால், மருத்துவர் பையனிடம் தனியாகப் பேசட்டும். ஒரு நாள் கூச்சத்துக்காக அவன் வாழ்நாள் முழுக்க ஏங்கக் கூடாது.

பெண்களுக்கு முட்டை எடுக்கும் முன் பொதுவாக 10 முதல் 14 நாள் ஹார்மோன் ஊசி போட வேண்டும். மாதவிலக்குக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அவ்வளவு அவகாசம் இல்லாதவர்களுக்கும், வயதுக்கு வராத சிறுமிகளுக்கும் சினைப்பைத் திசுவையே எடுத்து உறையவைக்க முடியும். அப்படிப் பாதுகாத்த திசுவைத் திரும்பப் பொருத்திய ஒரு பெண்ணுக்கு 2004-ல் பெல்ஜியத்தில் குழந்தை பிறந்தது. ரத்தப் புற்றுநோயில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்; திசுவோடு நோய்ச் செல்களும் திரும்பிவிடலாம்.

கையெழுத்துக்கு முன்

உறையவைத்தால் குழந்தை நிச்சயம் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. முட்டை எடுக்கும்போது பெண்ணுக்கு என்ன வயது என்பது மிக முக்கியம். பாதுகாத்து வைக்க ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, உறையவைக்கும் மையம் அரசிடம் பதிவு பெற்றதா என்று விசாரியுங்கள். கைபேசி எண் மாறினால் மையத்துக்கு உடனே தெரிவியுங்கள். புதுப்பிக்கும் நினைவூட்டல் அந்த எண்ணுக்குத்தான் வரும்.