அணிகலனாய்ச் சென்று களையான கொடி: தீவுகளிற் குன்றிமணி

பொற்கொல்லரின் தராசிலே நிறையாகவும், களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகவும் நாம் அறிந்த குன்றிமணி, பற்றைகளிலும் வேலிகளிலும் படரும் ஒரு கொடியின் வித்தாகும். ஆசியா, ஆபிரிக்கா, அவுஸ்திரேலியா ஆகியவற்றின் வெப்பவலயப் பகுதிகள் அதன் தாயகம். இலங்கையிலே இயல்பாக வளரும் இக்கொடியைக் களையென நாம் அஞ்சுவதில்லை. ஹவாய்த் தீவுகளிலோ அது வெளியிலிருந்து வந்து வேரூன்றிய களைகளுள் ஒன்றாகக் கணிக்கப்படுகின்றது. ஒரே தாவரம் ஈரிடத்து இருவேறு நிலை எய்துவது எவ்வாறு என்பதே ஈண்டு நோக்கப்படுகின்றது.

முதலில் நஞ்சு. புறத்தே செம்மையும் மூக்கிலே கருமையுங் கொண்ட இவ்வித்தை வள்ளுவர் போலித் துறவிகளுக்கு உவமையாக்கினார். அகத்திலுள்ள கேடு அவ்வுவமைக்கு மேலும் பொருந்துவது. வித்திலுள்ள அபிரின் என்னும் புரதம் இரு சங்கிலிகளால் ஆனது. ஒன்று கலத்தின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்ள, மற்றது உட்புகுந்து இறைபோசோமைச் சிதைத்துப் புரதத் தொகுப்பை நிறுத்திவிடுகின்றது. இதற்கு மாற்று மருந்து இன்றுமில்லை. போல் ஏர்லிச் 1891இல் எலிகளுக்கு இந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் கொடுத்தே நிர்ப்பீடனம் பற்றிய தமது தொடக்க ஆய்வுகளை நடத்தினார் என்பதும் நினைவுகூரத்தக்கது. வித்தை முழுதாக விழுங்கினால் அது பெரும்பாலும் தீங்கின்றி வெளியேறும். மென்றாலோ உயிருக்கே ஆபத்து. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் நீர்புகா வன்மையுடைய வித்துறையே.

களைத்தன்மைக்கும் இவ்வித்துறையே துணைபுரிகின்றது. அது தேயும்வரை வித்து மண்ணிலே ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கும். சதைக்கனியென மயங்கி உண்ணும் பறவைகளும் அதனைச் சிதைக்காது தொலைவில் விட்டுச்செல்லும் என விளக்குவர்.

எனினும், சமுத்திரங்களுக்கு அப்பால் இதனைப் பரப்பியதிற் பெரும்பங்கு மனிதனுடையது. லின்னேயஸ் சூட்டிய ‘பிரெகற்றோரியஸ்’ என்னும் இனப்பெயர், செபமாலையிற் கோக்கப்பட்டமையைக் குறிப்பது. திரினிடாட்டிலே ஆவிகளைத் தடுக்கும் ‘ஜம்பி மணி’யாக அணிந்தனர்; ஹவாயிலே ‘லெய்’ மாலைகளிற் கோத்தனர். நிறம் மங்காத அழகே அதன் கப்பற்சீட்டாயிற்று.

தீவுத் தாவரங்கள் வலுவற்றவை, ஆதலால் அந்நியக் கொடி வென்றது என்னும் விளக்கம் பாதி உண்மையே. ஹவாயின் தாழ்நிலக் காடுகள் மேய்ச்சலாலும், 1835இற் கோலோவாவிலே தொடங்கி 2016இல் முடிவுற்ற பெருந்தோட்டக் கரும்புச் செய்கையாலும் பெரிதும் உருமாறின. கொடி வந்து சேர்ந்த நிலம் ஏலவே காயப்பட்ட நிலம். இந்த வரலாற்றை விடுத்துத் தாவரத்தை மாத்திரம் குற்றவாளியாக்குதல் பொருந்தாது. அதேவேளை, குழப்பமுறாத நிலத்தை அது தொடாது எனவும் கூறவியலாது: புளோரிடாவிலே மனிதர் அதிகம் தொடாத பைன் காடுகளினுள்ளும் அது புகுந்துள்ளது, காட்டுத்தீக்குப் பின்னர் முன்னிலும் செழித்துத் தளிர்க்கின்றது.

அகற்றுதல் எளிதன்று. ஆழ வேரூன்றிய கொடியை வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். இளநாற்றுக்களைக் கையாற் பிடுங்கலாம். முதிர்ந்தவற்றை வெட்டி அடிக்கட்டைக்குக் களைகொல்லி பூசவேண்டும். மண்ணிலுள்ள வித்துக்கள் தீரும்வரை அவ்விடத்துக்குத் திரும்பத் திரும்பச் செல்லவேண்டும். வெட்டுமுன் முற்றிய காய்களைப் பைகளிற் சேகரித்தல் அவசியம். அவை வெடித்துச் சிந்தினால், துப்புரவு செய்யப்பட்ட இடமே அடுத்த மழைக்கு நாற்றுமேடையாகிவிடும்.